பங்களாக் கம்பளத்தில் கொட்டிய பால்

போன மாதம் நிஷாந்தி தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் வேலை செய்து ஓய்வு பெற்ற துரை பங்களா இப்போது சுற்றுலா விடுதியாகிவிட்டது. குருவிட்டவிலிருந்து மலைப்பக்கம் ஏறும் பாதையில், ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. அங்கே அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு நிஷாந்திதான் பொறுப்பு.

"அன்ட்டி, வாற கெஸ்ட்டுங்களுக்கு கெமிக்கல் வாசமே ஆகாதாம். நீங்க காபட்டுக்கு ஒரு தண்ணி கலப்பீங்களாமே, அத கொஞ்சம் சொல்லித் தாங்களேன். போன்ல வீடியோ பாத்து நாங்களும் செஞ்சோம். நுரைதான் வருது, அழுக்கு போக மாட்டேங்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பச்சோடாவையும் வினாகிரியையும் ஒரே வாளியில் கொட்டிக் கலக்கியிருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் புஸ்ஸென்று பொங்கும், பார்க்க அழகாக இருக்கும். பொங்கி அடங்கிய பிறகு வாளியில் மிஞ்சுவது எதற்கும் உதவாத தண்ணீர். முதலில் அப்பச்சோடாவை உலர்ந்தபடியே தூவ வேண்டும். அது நாற்றத்தையும் எண்ணெயையும் இழுக்கும்வரை விட்டுவிட்டு, சுத்தமாகத் தட்டி எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வினாகிரித் தண்ணீர். அவளுக்கு அதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அதை எனக்குக் கற்றுத்தந்த மனிதரைப் பற்றியோ, எங்கள் கைவேலை அப்பழுக்கில்லாமல் முடிந்த ஒரு நாளைப் பற்றியோ அவளிடம் பேசவில்லை. அன்றிலிருந்து மனசு கிடந்து உழன்றதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் பங்களாவுக்குள் போனது அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போன வருடம். தரை கூட்டத்தான் எடுத்தார்கள். பிறகு மெத்தை விரிக்க, பிறகு மேசை போட, பிறகு துரைசாணியின் சேலைகளுக்கு இஸ்திரி போட என்று வேலை கூடிக்கொண்டே போனது. அதற்கிடையில் தோட்டத்தை நடத்த எத்தனையோ துரைமார் வந்தார்கள், போனார்கள். அவர்கள் எல்லோரையும் சமாளித்தவர் முத்தையா அப்பு. துரை பங்களாவில் சமையலையும் வீட்டையும் பார்த்துக்கொள்பவரை எங்கள் பக்கம் அப்பு என்போம். நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவேன். அவர் என்னை மகேசு என்பார், கோபம் வந்தால் மகேஸ்வரி என்பார். முழுப்பெயரும் காதில் விழுந்தால் துடைத்ததையே மறுபடி துடைக்கத் தொடங்குவேன்.

கம்பளம் என்று வந்துவிட்டால் அவர் வேறு ஆள். அந்த வேலை நடக்கும்போது பேச மாட்டார், பேசவும் விட மாட்டார். கால் கழுவித் துடைத்துவிட்டுத்தான் அதில் மண்டியிட வேண்டும். கித்துல் பனைக் கள்ளைப் புளிக்கவைத்து எடுத்த வினாகிரியில் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர், சவர்க்காரத்தைச் சீவிக் கரைத்ததில் ஒரு சிறங்கை. கலந்ததும் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். ஊறுகாய்ப் புளிப்பு இருந்தால் கூடிப்போச்சு என்று இன்னும் தண்ணீர் விடுவார். முதல்முறை அதைப் பார்த்து நான் களுக்கென்று சிரித்துவிட்டேன். "சிரி, சிரி. காபட்டுக்கு நாக்கு இல்ல, அதான் நான் நக்கிப் பாக்கிறேன்" என்றார். அவர் வாயிலிருந்து வேலை நேரத்தில் வந்த ஒரே நகைச்சுவை அதுதான் என்று நினைக்கிறேன்.

கறையைத் தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். கறையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வர வேண்டும், நடுவிலிருந்து தொடங்கினால் அது ஊரெல்லாம் பரவிவிடும். புதிதாக எதைப் பூசுவதென்றாலும் முதலில் அலுமாரிக்கு அடியில், யார் கண்ணிலும் படாத மூலையில் ஒரு சொட்டு விட்டுச் சாயம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சவர்க்காரம் மிச்சம் இருந்தால் அடுத்த கிழமையே அந்த இடத்தில் தூசு ஒட்டும், அதனால் பச்சைத் தண்ணீரால் மறுபடி மறுபடி ஒற்றி எடுக்க வேண்டும். கடைசியில் நிழலில், காற்று அடியிலும் மேலிலும் படும்படி கொடியில் போட வேண்டும். இரத்தினபுரிப் பக்கத்து மழைக்கு அதுதான் பெரிய பாடு. வெயில் காய்கிறதே என்று வெளியில் போட்டுவிட்டு உள்ளே வந்து தேநீர் குடிப்பதற்குள் வானம் பொத்துக்கொள்ளும்.

வினாகிரிக்கு அடங்காத எண்ணெய்க் கறைக்கு அண்ணனிடம் இன்னொன்று இருந்தது. மருந்துப் போத்தலில் கொஞ்சம் அமோனியா. ரப்பர் தோட்டத்தில் அது எல்லோருக்கும் தெரிந்த சாமான். மரத்திலிருந்து வடிந்த பால் ஸ்டோருக்குப் போய்ச் சேரும்முன் உறைந்துவிடக் கூடாதென்று வாளியில் சில சொட்டு விடுவார்கள். ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது தோட்டத் தொழிற்சாலையை. அங்கே போனதும் ஆசிட் ஊற்றி அதே பாலை உறைய வைப்பார்கள். ஆசிட் பட்டால் உறையும், அமோனியா பட்டால் உறையாது. இது தோட்டக் குடியிருப்பான எங்கள் லயத்தில் நடக்கத் தொடங்கிய குழந்தைக்கும் தெரியும். ஸ்டோரில் வேலை செய்த தன் மச்சானிடம் அண்ணன் அவ்வப்போது ஒரு போத்தல் வாங்கி வைத்துக்கொள்வார். துரைக்குத் தெரியாது. தெரிந்தால் தோட்டத்துச் சாமானை எடுத்த குற்றம்.

அந்த வருடம் வந்த துரை நல்லவர்தான். சிங்களவர், தமிழும் நன்றாகப் பேசுவார். அவருடைய துரைசாணி தன் தாய் வீட்டிலிருந்து ஒரு கம்பளம் கொண்டுவந்திருந்தார். பாலாடை நிறத்தில் தடித்த கம்பளி நூல், ஓரத்தில் சிவப்புப் பூக்கொடி. அதை வரவேற்பறையான ஹோலில் விரித்த அன்றே எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "இது எங்க அம்மாட சாமான், கவனம்" என்று மட்டும் சொன்னார். அதட்டவில்லை. அதட்டாமல் சொன்னதால் எங்களுக்கு இன்னும் பயமாகிவிட்டது. நான் அதன் மேல் நடந்ததே கிடையாது. ஓரமாகச் சுவரோடு சுவராகப் போய் வருவேன்.

அதே நேரத்தில்தான் கீழ்ப் பிரிவில் செல்லாயி அக்காவுக்குத் தொல்லை தொடங்கியது. அவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவர். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். பாலில் மிதக்கவிட்டு அளக்கும் கண்ணாடிக் கோல் ஒன்று உண்டு. பால் கெட்டியாக இருந்தால் அது ஆழமாக அமிழும், தண்ணீர் கலந்திருந்தால் மேலே எழும்பி நிற்கும். செல்லாயி அக்காவின் வாளியில் கோல் எழும்புகிறது என்று கணக்கப்பிள்ளை இரண்டு தடவை முறைப்பாடு எழுதிவிட்டார். நிறை கூட வேண்டுமென்று தண்ணீர் ஊற்றுகிறாராம். மழை பெய்தால் மரத்தில் கட்டிய சிரட்டையில் தண்ணீர் விழத்தான் செய்யும். அவருக்கு ஒதுக்கிய மலை சரிவில் இருந்ததால் மற்றவர்களைவிடக் கூடுதலாக விழும். இதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? மூன்றாம் தடவை பிடிபட்டால் பேர் வெட்டுவதென்று முடிவானது. பேர் வெட்டினால் வேலை போகும், வேலை போனால் லயத்து அறையில் எத்தனை நாள் இருக்க விடுவார்கள் என்பதும் நிச்சயமில்லை.

ஒரு நாள் காலை மழையே இல்லை. துரை யாருக்கும் சொல்லாமல் கீழ்ப் பிரிவுக்குப் போயிருக்கிறார். வழியில் செல்லாயி அக்கா நிறை வாளியோடு வருவதைக் கண்டதும் ஜீப்பை நிறுத்தி, "ஸ்டோருக்குப் போக வேணாம். இத அப்படியே பங்களாவுக்குக் கொண்டு போ. நான் கோல எடுத்துக்கிட்டு கணக்கப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வாறேன். என் கண்ணாலயே பாக்கிறேன்" என்றாராம். இதைவிட நியாயமாக ஒரு துரை நடக்க முடியாது. செல்லாயி அக்கா பங்களாவின் பின்பக்கத்துக்கு வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"பாரு தங்கச்சி" என்று வாளியை மூடியிருந்த சாக்குத் துண்டை எனக்கு விலக்கிக் காட்டினார். "எப்புடி இருக்கு? தயிராட்டம் இல்ல? இன்னைக்கு அந்த மனுசன் வாய மூடிக்கிட்டுப் போகப் போறாரு."

பால் கெட்டியாகத்தான் இருந்தது. நான் பார்த்தேன்.

துரை வரத் தாமதமானது. மேல் பிரிவில் ஏதோ வாய்த் தகராறாம், நின்றுவிட்டார். அதற்குள் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பின் விறாந்தையில் சாரல் அடிக்கத் தொடங்கியதும் செல்லாயி அக்கா வாளியை முந்தானையால் போர்த்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். ஒரு சொட்டு மழை விழுந்தாலும் தண்ணீர் கலந்ததாகிவிடுமே. நான்தான், "உள்ள வாங்கக்கா, ஆபீஸ் அறையில வச்சிருவோம்" என்றேன்.

ஆபீஸ் அறைக்கு ஹோலைத் தாண்டித்தான் போக வேண்டும். கம்பளத்தைக் கண்டதும் அவர் தயங்கினார். ஈரக் காலோடு அதை மிதிப்பதா? என்னைப் போலவே சுவரோரமாக, பொலிஷ் போட்ட சிவப்புத் தரையில், வாளியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு பக்கமாக நகர்ந்தார். ஈரக் காலும் பொலிஷ் தரையும் ஒத்துப்போகுமா? நான் திரும்புவதற்குள் சறுக்கிவிட்டார். வாளி பறந்துபோய் அந்தக் கம்பளத்தின் நட்டநடுவில் கவிழ்ந்தது.

 நான் பழக்கத்தில் ஓடிப்போய் வினாகிரித் தண்ணீரை எடுத்து வந்தேன். விழுந்த இடத்திலிருந்து எழாமலே செல்லாயி அக்கா அலறினார்.

"அத ஊத்தாத புள்ள! உறைஞ்சிரும்! உறைஞ்சா காபட்டு போச்சு!"

அண்ணன் அதற்குள் அமோனியாப் போத்தலோடு வந்துவிட்டார். மூலையில் சொட்டு விட்டுப் பார்க்கும் சடங்கெல்லாம் அன்று இல்லை. தண்ணீர் கலக்கப் பாத்திரம் தேடினார். செல்லாயி அக்கா தன் வாளியை நீட்டினார். நான் அதைக் குழாயில் கழுவி, தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். அண்ணன் அமோனியாவை அளந்து விட்டார். மூக்கைத் துளைத்தது. மூன்று பேரும் மண்டியிட்டோம். பழைய துவாய்களைத் தோய்த்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றினோம். பால் துவாயில் ஏறியது. பிழிந்தோம், மறுபடி ஒற்றினோம். நூலுக்கு அடியில் பால் போனதைச் செல்லாயி அக்காதான் கண்டுபிடித்து, கம்பளத்தின் நுனியைத் தூக்கி அடிப்பக்கமாகவும் ஒற்ற வைத்தார். பாலின் குணம் எங்களைவிட அவருக்குத் தெரியும். கண்ணிலிருந்து தண்ணீர் வடிய, அது அமோனியாவாலா பயத்தாலா என்று தெரியாமல், எங்கள் இருவரையும்விட வேகமாக வேலை செய்தார். கடைசியில் பச்சைத் தண்ணீரால் ஒற்றி முடித்தபோது, ஈரத்தைத் தவிர அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. சிவப்புப் பூவில் ஒரு இதழ்கூட மங்கவில்லை.

"சாமி காப்பாத்திருச்சு" என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் மூவரும் சிரித்தோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவ்வளவு சந்தோஷம். அவர் எதற்காக அங்கே வந்தார் என்பது அந்த நேரத்தில் எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

ஜீப் சத்தம் கேட்டபோதுதான் செல்லாயி அக்காவின் கை என் கையிலிருந்து நழுவியது. வாளியைப் பார்த்தார். அதில் அழுக்குத் தண்ணீர் இருந்தது.

துரை கண்ணாடிக் கோலோடு வந்தார், பின்னால் கணக்கப்பிள்ளை. அண்ணன் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். துரை குனிந்து கம்பளத்தைக் கையால் தடவிப் பார்த்தார். நிமிர்ந்து, "பால் எங்க?" என்று கேட்டார்.

 கணக்கப்பிள்ளை முந்திக்கொண்டார். "தொர, ரப்பர் பாலு துணியில பட்டாலே போகாது. எங்க சட்டையெல்லாம் பாருங்க. இந்த மாதிரி கம்பளியில பட்ட பாலு இவ்வளவு சுத்தமா போகுமா? தண்ணியா இருந்ததாலதான் போயிருக்கு. அளந்தா மாட்டிக்குவோம்னுதான் இவ வேணும்னே கொட்டியிருக்கா."

"பொய்யிங்க தொர" என்றேன் நான். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "நான் பாத்தேன். கெட்டிப் பாலுங்க."

"நீ பங்களாவுல இருக்கிற புள்ள. பாலப் பத்தி உனக்கென்ன தெரியும்?" என்றார் கணக்கப்பிள்ளை.

அப்போது முத்தையா அண்ணன் ஒரு காரியம் செய்தார். போத்தலை எடுத்து வந்து துரைக்கு முன்னால் மேசையில் வைத்தார். "அமோனியா போட்டுத்தான் எடுத்தோம் தொர. ஸ்டோர்ல இருந்து நான் எடுத்தது. கெட்டிப் பாலா இருந்ததாலதான் இது தேவைப்பட்டுச்சு. என்னைய என்ன வேணும்னாலும் செய்யுங்க. அந்தப் புள்ள நாளைக்கு இன்னொரு வாளி கொண்டு வரட்டும்."

இத்தனை வருடம் கட்டிக்காத்த மரியாதையை ஒரு போத்தலோடு மேசையில் வைத்துவிட்டார். துரை போத்தலைத் திறந்து முகர்ந்து முகத்தைச் சுளித்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். சிரித்தார். "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொன்னார். "நல்ல வேலைதான் செஞ்சிருக்க அப்பு. நம்ம வீட்டு நோனாகிட்டயும் சொல்றேன்" என்றார். பிறகு செல்லாயி அக்காவின் பக்கம் திரும்பினார். அவர் குரல் மாறவில்லை, அதே தன்மையான குரல்தான். "நாளைக்குக் கொண்டு வாறது அளக்கிறதுக்குன்னே கொண்டு வாற பால். எனக்கு இன்னைக்குக் கொண்டு வந்த பால்தான் வேணும். அது இல்லாம நான் எத வச்சு உன்ன நம்புறது?"

செல்லாயி அக்கா தரையில் சிந்தியிருந்த தண்ணீரைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு வந்த வழியே சுவரோரமாகப் போனார்.

அந்த மாதமே அவருடைய பேரை வெட்டினார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவர் கேகாலைப் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். தொழிற்சங்கத்துக்காரர்கள் ஒரு தடவை வந்து பேசினார்கள், அதோடு சரி.

எங்களுக்கோ பேர் வந்தது. கம்பளத்தில் ரப்பர் பால் கொட்டியும் கறை இல்லாமல் எடுத்தார்கள் என்று துரைசாணி போன இடமெல்லாம் சொன்னார். பக்கத்துத் தோட்டத்து பங்களாக்களிலிருந்து ஆள் அனுப்பி முறை கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அண்ணன் வினாகிரி முறையை மட்டும் சொன்னார். அமோனியாவை அதற்குப் பிறகு அவர் தொடவே இல்லை. ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, கம்பளத்தைக் கொடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தினார்.

"மகேசு, அன்னைக்கு மட்டும் நம்ம வேலய கொஞ்சம் மோசமா செஞ்சிருக்கலாம்."

வேலை நேரத்தில் பேசாத மனிதர். நான் கம்பளத்தின் மறுநுனியைத் தட்டத் தொடங்கினேன். நீங்க போத்தல எடுத்து வச்சீங்களே அண்ணே, அது யார் செய்வாங்க என்றாவது சொல்லியிருக்கலாம். அவர் போய்ச் சேரும்வரை அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த வருத்தமும் எனக்கு உண்டு.

செல்லாயி அக்காவை நான் மறுபடி கண்டது நான் ஓய்வு பெற்ற பிறகு, இரத்தினபுரி பஸ் நிலையத்தில். அவர்தான் என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டார். தலை முழுக்க நரைத்திருந்தது. மாவனல்லையில் ஒரு துணிக்கடை முதலாளி வீட்டில் வெகுகாலம் வேலை செய்தாராம். நல்ல மனிதர்களாம். பெரிய மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார், சின்னவள் கொழும்பில் தையல் வேலை. கேட்கக் கேட்க எனக்கு மனசு லேசானது. அப்படியே விட்டிருக்கலாம், விட முடியவில்லை.

"அன்னைக்கு நடந்தத நெனச்சா இன்னும் எனக்கு ஆறலக்கா" என்றேன்.

"அத விடு தங்கச்சி. பால்ல தண்ணி ஊத்துனேன்னு சொன்னாங்க, சொல்லிட்டுப் போகட்டும். தொரசாணி காபட்ட நாசமாக்கிட்டுப் போனான்னு யாரும் சொல்ல முடியாதுல்ல? ஒரு புள்ளி இல்லாம எடுத்துக் குடுத்துட்டுத்தான வந்தேன்?"

அவர் அதைப் பெருமையோடு சொன்னார். இத்தனை வருடமும் அதைத்தான் கையில் பிடித்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்.  எனக்கு ஆத்திரம் வந்தது, யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

"இல்லக்கா. அன்னைக்கு நீங்க என்னைய வினாகிரிய ஊத்த விட்டிருக்கணும். பாலு அந்த எடத்துலயே கெட்டியா உறைஞ்சு கெடந்திருக்கும். தொர வந்து தன் கண்ணால பாத்திருப்பாரு. தண்ணிப் பாலு அப்புடி உறையுமா? உங்க பேரு வெட்டுப்பட்டிருக்காது. தோட்டத்த விட்டும் போயிருக்க மாட்டீங்க."

செல்லாயி அக்கா என்னையே பார்த்தார். நான் சொன்னது அவருக்கு விளங்கிவிட்டது. ரப்பர் பாலைப் பற்றி அவருக்கு விளங்காதது ஒன்றுமில்லை. பிறகு, ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டவர் போல, என் கையை இறுகப் பிடித்தார்.

"ஐயையோ, அதுக்காக அந்தக் காபட்டயா?"

அவருடைய பஸ் வந்தது, ஏறிப் போனார். அந்தப் பதற்றம் பாசாங்கு இல்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும், அன்றைக்கும் இன்றைக்கும், வாயில் முதலில் வந்திருப்பது அதுதான்.